கருவாடு காயப்போடலாமா? சின்னப் பிள்ளைகளுக்கு வானிலைக் கணிப்பைச் சொல்லித்தர ஒரு முழு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள். நாலு மழைக்காலமாக அவர்களுக்கு வானிலைக் கணிப்பைச் சொல்லித்தந்து வருகிறேன். முதல் வருஷம் முழுக்கத் தப்பாகச் செய்தேன். அப்புறம் உதவிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளும் நான் விழுந்த அதே குழிகளில்தான் விழுந்தார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது வரிசையில்தான். செயற்கைக்கோள் படத்திலிருந்தோ, கடல் நீர் ஆவியாகி மழையாவதைக் காட்டும் பாடப்படத்திலிருந்தோ ஆரம்பித்தால் பிள்ளைகள் ஆசையாக வரைவார்கள், வண்ணம் தீட்டுவார்கள். "சரி, நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள். சுமார் ஆறு வாரம் ஆகும்.

1. தொடங்குவதற்கு முன்

காலம் முக்கியம். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷ மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் வருகிறது. அதனால் செப்டம்பர் கடைசியில் ஆரம்பியுங்கள். பிப்ரவரியில் ஆரம்பித்தால் நோட்டு முழுக்க 'வெயில், வெயில்' என்றுதான் இருக்கும். பத்தாவது நாள் பிள்ளைகள் எழுதுவதையே விட்டுவிடுவார்கள்.

ஒரு நோட்டு, பனை ஓலைக் காற்றாடி, பக்கங்கள் நேராக இருக்கும் பெரிய பாட்டில், 30 சென்டிமீட்டர் ஸ்கேல், பத்துப் புளியங்கொட்டை, நாலைந்து கோலிக்குண்டு, இரண்டு சிரட்டை, கொஞ்சம் சோழி. காசு கொடுத்து வாங்க வேண்டியது நோட்டும் ஸ்கேலும்தான்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் பலன் இல்லை. நேற்றும் இன்றும் அடுத்தடுத்து இருந்தால்தான் என்ன மாறியது என்று பிள்ளைக்குத் தெரியும்.

இன்னொன்று. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை ஒரு வாரம் முன்னதாகவே தினமும் படித்துப் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முன்னால் முதல்முறையாகப் படித்தால் 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' வரும்போது நீங்களே திக்குவீர்கள்.

2. முதல் நாள்: ஒரே ஒரு கேள்வி

"நாளைக்கு வானிலை எப்படி இருக்கும்?" என்று கேட்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கேள்வியே இல்லை. எங்கள் வகுப்புக் கேள்வி, "நாளைக்குக் கருவாடு காயப்போடலாமா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லலாம். தப்பினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும். பாதி காய்ந்த கருவாடு நனைந்தால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று விளக்கத் தேவையில்லை. உங்கள் ஊர் மிளகாய் காய்கிற ஊராக இருந்தால் மிளகாய், உப்பளத்து ஊராக இருந்தால் உப்பு. கணிப்பு என்பது ஒரு வேலையைச் செய்வதா, தள்ளிப்போடுவதா என்று முடிவெடுக்கத்தான் என்பது முதல் நாளே மனதில் பதிந்துவிட வேண்டும்.

3. முதல் இரண்டு வாரம் காற்று மட்டும்

மழையை விட்டுவிட்டுக் காற்றில் ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. மழை என்றைக்கோ வரும், காற்று தினமும் அடிக்கும். அதோடு நம் கடற்கரையில் காற்றுக்குப் பெயர் இருக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். சோழகம், கச்சான் என்று தெற்கு, மேற்குக் காற்றுகளுக்குச் சொல்லும் பெயர்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அதனால் "வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வா" என்று அனுப்புங்கள். மறுநாள் பெயரோடு ஒரு கதையும் வரும்.

திசை கண்டுபிடிக்க ஒரு வழி. பிள்ளையைத் திறந்த வெளியில் நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திரும்பச் சொல்லுங்கள். காற்று முகத்தில் பட்டு, இரண்டு காதிலும் அதன் இரைச்சல் ஒரே அளவாகக் கேட்கும்போது நின்றுவிட வேண்டும். இப்போது முகம் இருக்கும் பக்கமிருந்துதான் காற்று வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைகூட இதில் தவறுவதில்லை.

இங்கே வரும் பெரிய பிழை, காற்று போகும் திசையைச் சொல்வது. கொடி தெற்கே பறக்கிறது, அதனால் 'தெற்குக் காற்று' என்பார்கள். பெயரை வைத்தே திருத்துங்கள். "வாடை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் போதும். நங்கூரம் போட்டு நிற்கும் வல்லத்தைக் காட்டினாலும் புரியும். நீரோட்டம் பலமாக இல்லாத நேரத்தில் அதன் அணியம், அதாவது முன்பக்கம், காற்று வரும் பக்கம் பார்த்து நிற்கும்.

வேகத்துக்கு ஓலைக் காற்றாடி. பனை ஓலைக் கீற்றை மடித்து, கருவேல முள்ளைக் குத்திச் செய்வது. சுற்றவில்லை, மெல்லச் சுற்றுகிறது, ஓலையே தெரியாமல் சுற்றுகிறது என மூன்று நிலை போதும். கிலோமீட்டர் கணக்கை இப்போது இழுக்காதீர்கள்.

மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், இரண்டு பக்கமும் கடல். வாடை பலமாக அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கி இருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அப்படியே தலைகீழ். ஒரே நாளில் இரண்டு கரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். காற்றுதான் அலையை எழுப்புகிறது என்பதற்கு வேறு பாடமே வேண்டாம்.

4. மேகம், மூன்று நாள்

இதில் அதிகம் தங்க வேண்டாம். பஞ்சுப் பொதி, விரித்த போர்வை, இருட்டிக்கொண்டு கோபுரமாக எழுவது என மூன்று வகை போதும். அந்தக் கோபுர மேகம்தான் இடி, மின்னல், திடீர் மழை கொண்டுவருவது. விஞ்ஞானப் பெயர்களைச் சொல்லித் தந்த ஒரு தன்னார்வலர் இரண்டு நாள் வீணாக்கினார்.

இடி கேட்டால் வகுப்பு உள்ளே. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுகிற விளையாட்டு நல்லதுதான், மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஆனால் கூரைக்கு அடியில் நின்று எண்ண வேண்டும்.

5. மழைமானி: அவசரப்படாமல் செய்யுங்கள்

பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகினால் புனல். புனலின் வாயும் பாட்டிலின் உடலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து பெரிய புனல் கொண்டுவந்து வைத்தால் அதிக இடத்து மழையைச் சேர்த்துக் காட்டிவிடும். எங்கள் முதல் மானி அப்படித்தான் ஒரு தூறலை 'பெருமழை' ஆக்கியது.

அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அளவு தப்பும். கொஞ்சம் சிமெண்ட் கலவை ஊற்றி மட்டமாக்கிக் காயவிடுங்கள். அந்த மட்டத்தில்தான் ஸ்கேலின் பூஜ்யம் வர வேண்டும். ஸ்கேலின் நுனிக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும், அதைக் கவனிக்காமல் ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது.

வைக்கும் இடம் திறந்த வெளி. பக்கத்தில் தென்னையோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். அலைச் சாரல் விழும் தூரத்திலும் வேண்டாம். ஆடு தட்டிவிடாமல் சுற்றிலும் நாலு கல்.

அளப்பது காலை எட்டரைக்கு. வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது. அப்படி அளந்தால்தான் நம் அளவைச் செய்தியில் வரும் அளவோடு ஒப்பிட முடியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பிள்ளை அளந்து, எழுதிவிட்டு, கொட்டிவிட்டுப் போகட்டும். கொட்ட மறந்தால் மறுநாள் கணக்கு நாசம்.

அப்புறம் கோடுகள். பாட்டிலின் மேல் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு கோடு, அதுவரை 'லேசான மழை'. ஆறரையில் அடுத்த கோடு, அதுவரை 'மிதமான மழை'. அதற்கு மேல் 'கனமழை', பதினொன்றரைக்கு மேல் 'மிகக் கனமழை', இருபதரையைத் தொட்டால் 'அதிகனமழை'. செய்தி வாசிப்பவர் சும்மா அடுக்கிப் பேசுகிற மாதிரி தோன்றும் சொற்களுக்குப் பின்னால் அளவு இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கும் நாள் இது.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்கேலைத் தரையில் நிறுத்தி, அதற்கு மேல் இன்னும் பத்து சென்டிமீட்டர் சேர்த்துக் காட்டினேன். எங்கள் வகுப்பின் சின்னப் பெண்ணுக்கு முழங்காலைத் தாண்டியது. "பாட்டில் பத்தாதே அக்கா" என்றாள். அதே நாளில் பாம்பனிலும் மண்டபத்திலும் பதிவானது அதைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவையுங்கள், பின்னால் உதவும்.

6. அவர்கள் கணிப்பு முதலில், அறிவிப்பு பிறகு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

மாலையில் காற்றையும் மேகத்தையும் பார்த்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையும் நாளைக்குக் காயப்போடலாமா, வேண்டாமா என்று சொல்லட்டும். காரணமும் சொல்ல வேண்டும். "காற்று கொண்டலுக்கு மாறிருச்சு, கிழக்கே இருட்டியிருக்கு" என்பது காரணம். "எனக்குத் தோணுது" என்பது செல்லாது. நோட்டில் எழுதிய பிறகுதான் நீங்கள் போனை எடுத்து அறிவிப்பைப் படிக்க வேண்டும். முதலில் படித்துவிட்டால் பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிட்டு அதையே ஒப்பிப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தானே.

மறுநாள், சரியாகச் சொன்னவர் ஒரு சிரட்டையில் சோழி போடுவார், தப்பியவர் மற்றதில். இங்கே ஒரு சிக்கல் வரும், வர வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பையன் தினமும் "மழை வராது" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மழை குறைவான வாரங்களில் சரியானவர்களின் சிரட்டையில் அதிகம் சோழி போட்டது அவன்தான். மற்றவர்கள் ஏமாற்று என்று சண்டைக்கு வந்தார்கள்.

அவனைத் திட்டவில்லை. "இவன் பேச்சைக் கேட்டுக் கருவாடு போட்டிருந்தால் எத்தனை நாள் நனைந்திருக்கும்?" என்று நோட்டைப் புரட்டச் சொன்னேன். இரண்டு நாள் மழை பெய்திருந்தது, இரண்டு நாளும் அவன் பேச்சு கவிழ்த்திருக்கும். மழை வந்த நாளை முன்கூட்டிச் சொல்லாத கணிப்பு எத்தனை தடவை சரியாக இருந்து என்ன? அன்று முதல் மழை நாளைச் சரியாகச் சொன்னால் மூன்று சோழி என்று விதியை மாற்றினோம். மாற்றச் சொன்னது பிள்ளைகள்தான்.

7. அறிவிப்பைப் பிரித்துப் படிப்பது

நாளுக்கு ஒரு சொல். மொத்தமாகப் படித்தால் காதில் ஏறாது.

'ஓரிரு இடங்களில்' என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 'கொஞ்சமாக மழை' என்று நினைக்கிறார்கள். மழையின் அளவை அது சொல்வதில்லை, எத்தனை ஊர் என்று சொல்கிறது. நூறு இடத்தில் மழை அளந்தால் இருபத்தைந்துக்கு மேல் போகாது என்று பொருள். தரையில் வரைந்த மாவட்டப் படத்தில் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கல் வைத்து, ஒன்றிரண்டின் மேல் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். நம் கல் நனையவில்லை என்றால் அறிவிப்பு பொய்யா? பிள்ளைகளே "சாயல்குடியில பெஞ்சிருக்கும்" என்பார்கள்.

'சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்.' மீனவர்களுக்கான எச்சரிக்கையில் அடிக்கடி வரும் வரி இது. சூறாவளி என்று கேட்டதும் பிள்ளைகள் புயல் வந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். விட்டுவிட்டு வேகமெடுக்கும் பலத்த காற்றைத்தான் இங்கே சொல்கிறார்கள். புயல் என்று பெயர் வாங்க 62 கிலோமீட்டர் வேகம் நிலையாக இருக்க வேண்டும், இடையில் ஒரு தடவை தொட்டால் போதாது. 50 என்றால் எவ்வளவு என்று கேட்டால், ராமேஸ்வரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்குமே, அது.

'மன்னார் வளைகுடா' என்றால் நம் தென்கடல். 'பாக் நீரிணை' என்றால் வடகடல் பக்கம். இதைச் சொன்னதும் அறிவிப்பு சட்டென்று ஊர்ப் பேச்சாகிவிடும். எச்சரிக்கை நாளில் மீன்வளத்துறை ஏன் படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் தருவதில்லை என்பதும் அதோடு சேர்ந்து புரியும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு போகாமல் இருப்பது வேறு. அது மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்.

நிற எச்சரிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. சாலை விளக்கைப் பார்த்துப் பழகியவர்கள் 'சிவப்பு என்றால் நில்' என்பார்கள். இங்கே மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செய்ய வேண்டியதைச் செய்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையம் அலை உயரத்தைக் கணித்துச் சொல்கிறது. 'கள்ளக்கடல்' என்று அவர்கள் எச்சரிக்கும் நாளில் நம் பாடமே ஆட்டம் காணும். ஓலைக் காற்றாடி அசையாது, கடல் மட்டும் கரையேறும். ஊருணியின் ஒரு கரையில் பெரிய கல்லைப் போட்டு, எதிர்க் கரையில் அலை வந்து தொடுவதைக் காட்டுங்கள். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்று எழுப்பிய அலை அது.

போனில் படிப்பதற்குப் பதில் சில நாள் ரேடியோ கேட்க வையுங்கள். பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காக நடக்கும் சமுதாய வானொலி. நம் பேச்சிலேயே கேட்கும்போது பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

8. 'வாய்ப்பு' என்ற சொல்

சதவீதம் வேண்டாம். எழுபது சதவீதம் என்று நான் சொல்லிக் கொடுத்தபோது ஒரு பையன், மழை பாட்டிலில் எழுபது அளவுக்கு வரும் என்று புரிந்துகொண்டான்.

பத்துப் புளியங்கொட்டையில் ஏழின் ஒரு பக்கத்தை, தாயக்கட்டைக்குத் தேய்ப்பது போல, வெள்ளை தெரியத் தேயுங்கள். வெள்ளைதான் மழை. பையில் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். "பெரும்பாலும் வெள்ளைதான்" என்று எல்லோரும் சொல்வார்கள், அப்புறம் யாருக்காவது கறுப்பு வரும். "பை பொய் சொன்னதா?" என்று கேளுங்கள். எடுத்ததைத் திரும்பப் போடாமல் விளையாடுவது புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. நாலைந்து எடுத்ததும் பைக்குள் கணக்கே மாறிவிடும்.

9. ஐந்தாம் நாள் ஏன் தடுமாறுகிறது

சிப்பித் துண்டு கிடக்கும் மணலில் கோலியைச் சுண்டச் சொல்லுங்கள். ஒரு சாண் தூரத்தில் எங்கே போகும் என்று எல்லோரும் சரியாகக் காட்டுவார்கள். பத்தடி தள்ளி எங்கே நிற்கும் என்றால் ஆளுக்கு ஒரு இடம். வழியில் ஒரு சிப்பி தட்டினால் போதும். நாளைய கணிப்பு ஒரு சாண், ஐந்தாம் நாள் கணிப்பு பத்தடி.

செயற்கைக்கோள் படத்தையும் பலூனையும் இந்தக் கட்டத்தில் சொல்லலாம். காரைக்கால் போன்ற நிலையங்களில் காலை, மாலை ஐந்தரை மணி வாக்கில் கருவி கட்டிய பலூனை மேலே விடுகிறார்கள் என்றால் கண் விரியும். கோலியைச் சுண்டுவதற்கு முன் மணலில் எங்கே சிப்பி கிடக்கிறது என்று பார்த்துக்கொள்கிற வேலை அது.

10. புயலும் கூண்டும் கடைசியில்

முதல் வருஷம் நான் 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்த கதையோடு ஆரம்பித்தேன். நல்லாத்தான் கேட்டார்கள். அன்று ராத்திரி ஒரு சிறுமி காற்றுச் சத்தம் கேட்டுத் தூங்கவில்லை என்று அவள் அம்மா மறுநாள் வந்து நின்றார். முன்னறிவிப்பு என்றாலே பயம் என்று பதிந்துவிட்டால் அப்புறம் கழற்றுவது கஷ்டம். காற்றும் மழையும் பழகிய பிறகு, பகல் நேரத்தில் சொல்லுங்கள். அப்போதைக்கும் இப்போதைக்கும் எச்சரிக்கை கிடைப்பதில் உள்ள வித்தியாசத்தையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பிள்ளைகளுக்குத் தெரியும். எண் கூடினால் மழை கூடும் என்று நினைப்பார்கள். துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் எவ்வளவு ஆபத்து என்பதைத்தான் எண் சொல்கிறது. ஒன்று என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, நம் துறைமுகத்துக்கு இப்போது பாதிப்பில்லை. மூன்று என்றால் பலத்த காற்று நம் பக்கம் வரலாம். எட்டு முதல் பத்து வரை பெரிய ஆபத்து. பதினொன்றை எல்லோரும் கேட்பார்கள். எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

எச்சரிக்கை நாளில் 'நேரில் காட்டுகிறேன்' என்று யாரையும் கரைக்கு அழைத்துப் போகாதீர்கள்.

11. கணிப்பு தப்பிய நாள்

தப்பிய நாளில்தான் நல்ல பாடம் கிடைக்கும், அதனால் அதை மழுப்பித் தாண்டாதீர்கள். 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. நம் கரையை நெருங்கி, வலுவிழந்து, நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. பெருமழை சிதம்பரம், கடலூர்ப் பக்கம் கொட்டியது. இங்கே தயாராக இருந்தவர்களில் பலர் சலித்துக்கொண்டார்கள். இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒருவன், "கோலி சிப்பியில தட்டி நின்னுருச்சு" என்றான்.

தப்பிய கணிப்பை நோட்டில் அடிக்கவிடாதீர்கள். அதன் கீழேயே என்ன நினைத்தோம், என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். போன நவம்பரில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி எழுதியது இது: "கொண்டல்னு நினைச்சோம். ராத்திரி வாடை ஆயிருச்சு. நாங்க தூங்கிட்டோம்."